திறந்த வரைவியல் நியமங்கள்: தோற்றமும் வளர்ச்சியும்

ஒரு மொழியில் நூல்கள் பல தோன்றிய பின்னரே அம்மொழிக்கு இலக்கணம் வகுக்கப்படும் என்பது நம் முன்னோர் கண்ட முறை. இலக்கியம் முன்னும் இலக்கணம் பின்னுமாக நிற்றலே இயல்பு. இம்முறை பிறழ, வழக்குத் தோன்றுமுன்னரே விதி செய்யப் புகுவார் யாவராயினும், அவர்தம் விதி ஏட்டளவில் நின்றுவிடுதலே பெரும்பான்மை. மொழிக்குப் பொருந்தும் இவ்வுண்மை, மொழியோடு யாதுந் தொடர்பில்லாதது போலத் தோன்றும் வேறொரு துறையின் வரலாற்றிலும் காணக்கிடக்கின்றது. கணனித் திரையிலே உருவங்களை வரைவதற்கென வகுக்கப்பட்ட பொது நியமங்களின் வரலாறே அஃது. அதனைச் சிறிது விரித்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரையில் ஒரு முக்கோணத்தை வரைதல் வேண்டும் என வைத்துக்கொள்வோம். அதன் மூன்று முனைகளும் வெளியில் எங்கெங்கு உள்ளன, காண்போன் கண் எவ்விடத்தது, ஒளி எத்திசையினின்று வருகின்றது என்பவற்றைச் செய்நிரலாளன் கூறுகின்றான். கூறியவற்றை எண்களாகப் பெற்று, பெருக்கியும் கூட்டியும், திரையிலுள்ள இலட்சக்கணக்கான புள்ளிகளுள் எவை எந்நிறம் பெறும் எனத் துணிவது பொறியின் வேலை. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் கட்டளைத் தொகுதியையே ஈண்டு இடைமுகம் என்கின்றோம். ஒவ்வொரு கம்பனியும் தன் பொறிக்கெனத் தனியிடைமுகம் வகுத்துக்கொள்ளுமாயின், ஒன்றிற்கென எழுதிய செய்நிரல் மற்றொன்றில் ஓடாது. எழுதியவன் அக்கம்பனிக்கே கட்டுண்டு கிடப்பான். கம்பனி மறைந்தால் அவன் உழைப்பும் உடன் மறையும். பொது நியமம் இக்கட்டினின்றும் விடுபடுதற்கு ஒரு வழி. ஆயினும், அந்நியமத்தை வகுப்பவர் யாவர், அதனை மாற்றும் அதிகாரம் யாரிடத்தது, அதனைப் பின்பற்றிப் பொறி செய்ய எவருடைய இசைவு வேண்டும் என்னும் வினாக்கள் அதனோடு கூடவே எழுகின்றன. இவ்வரலாறு முழுவதிலும் ஊடாடி நிற்பன அவ்வினாக்களே.

கணனியோடு மனிதன் படம் வரைந்து உரையாடலாம் என்பதை முதன்முதல் தெளிவுறக் காட்டியவர் ஐவன் சதர்லாண்ட் என்பார். மசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1963ஆம் ஆண்டு அவர் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வின் பயனாகிய ஸ்கெச்பாட் என்னும் செய்நிரலில், ஒளிப்பேனா ஒன்றினால் திரையைத் தொட்டுக் கோடுகளும் வட்டங்களும் வரைய முடிந்தது. பின்னர் யூட்டா பல்கலைக்கழகம் இத்துறையின் தாயகமாயிற்று. வளைந்த பரப்பின் மீது நிறம் படிப்படியே மாறுமாறு செய்யும் முறையை 1971இல் ஹென்றி கூரோவும், பளபளப்பை இன்னுஞ் செம்மையாகக் காட்டும் முறையை 1973இல் பூய் துவோங் போங்கும், மேற்பரப்பின்மீது படத்தைப் போர்த்தும் முறையை 1974இல் எட்வின் கற்மலும் அங்கிருந்தே வெளியிட்டனர். இவையெல்லாம் தனித்தனி ஆய்வுகள். ஒன்றன் செய்நிரல் மற்றோரிடத்தில் ஓடுதற்கு வகையில்லை.

இக்குறையை நீக்கக் கருதிய அறிஞர் 1976இல் பிரான்சு நாட்டிலுள்ள செயாக் என்னும் ஊரிற் கூடி, வரைவியற் செய்நிரல்களுக்குப் பொது அடிப்படை யாது என ஆராய்ந்தனர். அதன் வழியே அமெரிக்க அறிஞர் 1977இல் 'கோர்' என்னும் முன்மொழிவை வெளியிட்டு 1979இல் திருத்தினர். ஜேர்மனியில் வளர்ந்த ஜீ.கே.எஸ். என்பது 1985இல் சருவதேச நியம நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றது. அவ்வகையில் வரைவியலுக்கு அமைந்த முதல் சருவதேச நியமம் அதுவே. ஆயினும் அது தள உருவங்களுக்கே உரியது. மூன்று பரிமாணத்திற்கென அதன் விரிவு 1988இலும், பிக்ஸ் என்னும் வேறொரு நியமம் 1989இலும் வந்தன. பிக்ஸ் நியமத்தில், வரையவேண்டிய பொருளின் அமைப்பு முழுவதையும் செய்நிரலாளன் முன்கூட்டியே தொகுதியின் களஞ்சியத்தில் ஒப்படைத்தல் வேண்டும். பின்பு தொகுதியே அதனை வரையும். அசையாத பொறியியற் படங்களுக்கு இது பொருந்தும். நொடிதோறும் மாறும் காட்சிகளுக்கோ பெருஞ்சுமை. குழுவினர் நேர்மையாகவும் நுட்பமாகவும் உழைத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் விதி வகுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வழக்கு வேறிடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

அவ்விடம் கலிபோர்ணியா. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திற் கற்பித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் கிளார்க், முப்பரிமாணக் கணக்கைச் செய்தற்கென்றே தனிச் சில்லு ஒன்றை அமைத்தார். 'கேத்திரகணித யந்திரம்' எனப் பொருள்படும் பெயர் அதற்கு. ஒரே வகைச் சில்லுப் பன்னிரண்டை வரிசையாக நிறுத்தி, முதல் நான்கும் தாயப் பெருக்கலையும், அடுத்த ஆறும் காட்சி எல்லைக்கு வெளியே உள்ளவற்றை வெட்டுதலையும், இறுதி இரண்டும் திரையளவுக்கு மாற்றுதலையும் செய்யுமாறு அவர் வகுத்த அமைப்பு 1982இல் வெளியாயிற்று. ஆலையொன்றிலே பொருள் கைமாறிச் செல்வது போல எண்கள் சில்லுக்குச் சில்லு சென்றன. இதனை அடிப்படையாகக் கொண்டு எழுந்த கம்பனியே சிலிக்கன் கிராபிக்ஸ். அதன் பொறிகளுக்கெனத் தோன்றிய இடைமுகம் ஐரிஸ் ஜீ.எல். எனப்பட்டது. எவ்வவையிலும் வாக்கெடுப்பின்றி, பொறி செய்வோரும் செய்நிரல் எழுதுவோரும் நாடோறும் எதிர்கொண்ட தேவைக்கேற்பப் பத்தாண்டு வளர்ந்தது அது. வழக்கு என்று யாம் மேலே கூறியது இதனையே.

எனினும் ஐரிஸ் ஜீ.எல். ஒரு கம்பனியின் உடைமை. பிற கம்பனிகள் பிக்ஸின் பக்கம் சாய்ந்து நின்றன. செய்நிரலாளர்க்கும் ஒரே கம்பனியின் பொறியில் தம் உழைப்பை அடகு வைக்க மனமில்லை. இந்நிலையில் சிலிக்கன் கிராபிக்ஸ் செய்த துணிவு வியக்கத்தக்கது. தன் செல்வத்தின் ஊற்றாகிய இடைமுகத்தையே செப்பனிட்டு, போட்டிக் கம்பனிகளும் கையாளுமாறு அது வெளியிட்டது. மார்க் சேகல், கேட் அக்கெலி என்னும் இருவர் எழுதிய விதிநூல் 1992ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆந் திகதி 1.0 ஆம் பதிப்பாக வந்தது. 'திறந்த' என்னும் அடையோடு ஓப்பன் ஜீ.எல். எனப் பெயரிடப்பட்டது. விதிநூலைக் காத்தற்கும் திருத்துதற்கும் ஓர் ஆய்வு அவை அமைந்தது. சிலிக்கன் கிராபிக்ஸுடன் டிஜிட்டல், ஐ.பீ.எம்., இன்ரெல், மைக்ரோசொப்ற் ஆகியவை அதில் முதல் உறுப்பினராயின. இதனை வண்மை என்பதா வாணிக நுட்பம் என்பதா எனின், இரண்டும் என்பதே எம் துணிபு. இடைமுகம் பரவினால் சந்தை விரியும், விரிந்த சந்தையில் மிகச் சிறந்த பொறி தன்னுடையதே என்பது அக்கம்பனியின் கணக்கு. கணக்கின் முற்பாதி முற்றும் சரியாயிற்று. பிற்பாதி என்னாயிற்று என்பதைப் பின்னர்க் காண்பாம்.

அவ்விதிநூலின் அமைப்பில் ஆழ்ந்து நோக்கத்தக்க பகுதிகள் சில உள. முதலாவது, அவர்கள் சேர்த்ததினும் நீக்கியதே பெரிது. ஐரிஸ் ஜீ.எல். இல் சாளரம் திறத்தல், விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றிற்கான கட்டளைகளும் கலந்திருந்தன. ஓப்பன் ஜீ.எல். அவையனைத்தையும் விலக்கி, வரைதல் ஒன்றையே வைத்துக்கொண்டது. ஆதலின் எவ்வியக்கத் தொகுதியிலும் அது குடியேற முடிந்தது. (விலக்கியதை நிரப்ப மார்க் கில்காட் என்பார் குளுட் என்னும் துணைநூலகம் ஒன்றை எழுதினார். யூட்டாவில் 1975இல் மார்ட்டின் நியூவெல் கணித வடிவில் அமைத்த தேநீர்க் கேத்தலை வரைதற்கென அதில் தனிக் கட்டளையே இருந்தது. வரைவியல் பயின்ற மாணவர் பலர் முதன்முதல் வரைந்த முப்பரிமாணப் பொருள் அக்கேத்தலே.) இரண்டாவது, விதிநூலில் உள்ள செயல்கள் யாவும் எப்பொறியிலும் இருந்தே தீரவேண்டும், சில்லு செய்ய இயலாததை மென்பொருளேனும் செய்து தரல் வேண்டும். மூன்றாவது, இரு பொறிகள் தரும் படங்கள் புள்ளிக்குப் புள்ளி ஒத்திருத்தல் வேண்டும் என விதிநூல் வற்புறுத்தவில்லை. பொறிவேறுபாட்டிற்கு இடம் விட்டது அறிவுடைமை. நான்காவது 'நீட்சி' என்னும் ஏற்பாடு. ஒரு கம்பனி புதிய செயலொன்றைக் கண்டால், தன் பெயர்க்குறியோடு அதனைச் சேர்த்து வெளியிடலாம். பலர் ஏற்றுக்கொண்டால் அது பொதுப் பெயர் பெறும். நன்கு வேரூன்றிய பின் விதிநூலின் உள்ளே இடம்பெறும். வழக்கு முன்னும் விதி பின்னுமாம் முறையை நியமத்தின் உள்ளமைப்பிலேயே இவர்கள் பொருத்திவிட்டனர்.

இவ்வாறு பணிமனைப் பொறிகளில் நிலைபெற்ற ஓப்பன் ஜீ.எல்., வீட்டுக் கணனியிற் பெரும் போட்டியைச் சந்தித்தது. அவையின் உறுப்பினராகிய மைக்ரோசொப்ற், 1994இல் தன் விண்டோஸ் என்.ரி. 3.5 இல் ஓப்பன் ஜீ.எல். ஐச் சேர்த்திருந்தது. ஆயினும் 1995இல் ரெண்டர்மோர்பிக்ஸ் என்னும் பிரித்தானியக் கம்பனியை வாங்கி, 1996இல் டைரெக்ட் 3டி என்னும் தன் சொந்த இடைமுகத்தை விளையாட்டுக்களுக்கென வெளியிட்டது. அதன் தொடக்கப் பதிப்பில் ஒரு முக்கோணம் வரைதற்கும் நினைவகத்தில் ஒரு கட்டளைக் கட்டை எழுத்தெண்ணி நிரப்பி ஒப்படைத்தல் வேண்டும். ஓப்பன் ஜீ.எல். இலோ 'தொடங்குக' எனக் கூறி, மூன்று முனைகளைச் சொல்லி, 'முடிக்க' என்றால் போதும். குவேக் விளையாட்டை ஆக்கிய ஜோன் கார்மாக், 1996ஆம் ஆண்டு திசெம்பரில் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டித் தாம் டைரெக்ட் 3டி க்கு எழுதப்போவதில்லை எனப் பகிரங்கமாக அறிவித்தார். அடுத்த மாதமே குவேக்கின் ஓப்பன் ஜீ.எல். வடிவம் வெளியாயிற்று. அதனை ஓட்டவேண்டும் என்பதற்காகவே சில்லுக் கம்பனிகள் விதிநூலிற் சிறு பகுதியையேனும் நிறைவேற்றும் இயக்கிகளைச் செய்து தந்தன. 1997ஆம் ஆண்டு யூனில் விளையாட்டுச் செய்நிரலாளர் பலர் ஒப்பமிட்டு ஓப்பன் ஜீ.எல். ஐ ஆதரிக்குமாறு மைக்ரோசொப்றுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அவ்வாண்டின் இறுதியில் இரு கம்பனிகளும் இணைந்து 'பரனைற்' என்னும் கூட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தன. அது நிறைவேறாமலே கைவிடப்பட்டது.

இப்போட்டியில் வென்றவர் யார் என ஒரு சொல்லில் உரைத்தல் அரிது. டைரெக்ட் 3டி தன் குறைகளை விரைந்து திருத்திக்கொண்டது. 1997இலேயே எளிய வரைதற் கட்டளைகள் அதில் வந்தன. ஒரு முதலாளியின் ஆணைக்குட்பட்ட இடைமுகம் ஆண்டுதோறும் மாற வல்லது. பல கம்பனிகள் இருந்து வாக்களிக்கும் அவைக்கோ அவ்வேகம் வாய்ப்பதில்லை. விண்டோஸ் தொகுதியோடு வரும் ஓப்பன் ஜீ.எல். நூலகமும் 1.1 ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதற்கு மேற்பட்டவற்றைச் சில்லுக் கம்பனிகளின் இயக்கிகளே தந்தன. 2003இல் மைக்ரோசொப்ற் அவையினின்றும் விலகிற்று. விண்டோஸ் விளையாட்டுத் துறை பெரும்பாலும் டைரெக்ட் 3டி யின் வசமாயிற்று என்பதை ஓப்பன் ஜீ.எல். இன் அன்பரும் மறுத்தல் இயலாது.

இனித் 'திறந்த' என்னும் சொல்லின் பொருளை நுணுகி ஆராய்தல் வேண்டும். இவ்விடத்திற் பலரும் மயங்குகின்றனர். விதிநூலை எவரும் படிக்கலாம் என்பது ஒரு திறப்பு. அதனைத் திருத்தும் அதிகாரம் ஓர் அவையிடத்தது என்பது மற்றொன்று. எவரும் அதனைப் பின்பற்றிப் புதிதாய் ஆக்கலாம் என்பது மூன்றாவது. ஆக்கப்பட்டதன் மூலநிரல் அனைவர்க்கும் உரியது என்பது நான்காவது. 1992இல் ஓப்பன் ஜீ.எல். முதல் இரண்டில் திறந்திருந்தது. மூன்றாவதில் பாதியே, பெயரைப் பயன்படுத்த விரும்பும் கம்பனி உரிமம் பெற்று, ஒத்திசைவுச் சோதனையிலும் தேறல் வேண்டும். நான்காவதில் அது மூடியே இருந்தது.

அம்மூடிய கதவைத் திறந்தவர் பிரையன் போல் என்னும் இளைஞர். 1993ஆம் ஆண்டு ஓகத்தில், விதிநூலை மாத்திரம் வைத்துக்கொண்டு, கற்றற்பொருட்டுப் பொழுதுபோக்காக அவர் ஒரு நூலகத்தை எழுதத் தொடங்கினார். சிலிக்கன் கிராபிக்ஸிடம் அதனை வெளியிட இசைவு கேட்டார்; அவர்கள் மறுக்கவில்லை. 1995ஆம் ஆண்டு பெப்ரவரியில் மேசா என்னும் பெயரோடு மூலநிரலும் உடன்வர அது வெளியாயிற்று. ஓப்பன் ஜீ.எல். என்னும் வணிகப் பெயரை அது சூடிக்கொள்ளவில்லை. அதனை ஒத்தது என்றே தன்னை அறிமுகஞ் செய்தது. விலையுயர்ந்த பணிமனைப் பொறி வாங்க இயலாத பல்கலைக்கழகங்களும் மாணவரும், வரைவியற் சில்லு எதுவுமில்லாத சாதாரணக் கணனியிலேயே, மெதுவாகவேனும் அதே செய்நிரலை ஓட்டிக் கற்க முடிந்தது மேசாவினால். இன்று லினக்ஸ் தொகுதிகளில் இன்ரெல், ஏ.எம்.டி. சில்லுகளின் இயக்கிகள் மேசாவினுள்ளேயே வளர்கின்றன. கல்விக்கண் கொண்டு நோக்குவார்க்கு இவ்வரலாற்றிற் சிறந்த நிகழ்ச்சி 1992இன் விதிநூலா 1995இன் மேசாவா என்பது ஐயத்திற்குரியதே. முன்னது இன்றிப் பின்னது இல்லை என்பது மெய். பின்னது இன்றேல் முன்னது செல்வர் வீட்டுக் கலையாகவே இருந்திருக்கும் என்பதும் மெய்யே.

ஆயினும் மேசாவின் வழியிலும் முட்கள் இருந்தன. மேற்பரப்புப் படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் எஸ்3ரிசி என்னும் முறைக்குப் புலமைச்சொத்துரிமை இருந்தது. விளையாட்டுக்கள் பல அதனை எதிர்பார்த்தன. அதற்கான நீட்சியும் வெளியிடப்பட்டிருந்தது. விதி எல்லோர்க்கும் தெரியும், செய்முறையும் தெரியும், செய்தற்கு மாத்திரம் உரிமையில்லை. ஆதலின் மேசா அப்பகுதியைத் தன்னுட் கொள்ளாது, பயனரே வேறிடத்தினின்றும் தேடிச் சேர்த்துக்கொள்ளுமாறு விட்டிருந்தது. 2017ஆம் ஆண்டு ஒற்றோபரில் அவ்வுரிமை காலாவதியாகவே மேசா அதனைச் சேர்த்துக்கொண்டது. பதின்ம எண்களைப் புள்ளி நிறமாக வைத்துக்கொள்ளும் முறை 2008இன் விதிநூலிலேயே இடம்பெற்றிருந்தும், உரிமை குறித்த அச்சத்தால் மேசாவில் இயல்பாக மூடப்பட்டுக் கிடந்தது. திறந்த நியமம் ஒன்றினுள் மூடிய அறைகளும் இருத்தல் கூடும் என்பதற்கு இவற்றினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இதற்கிடையிற் சில்லுகளின் தன்மையே மாறிற்று. தொடக்கத்தில் ஒளியும் நிறமும் கணக்கிடும் முறை சில்லினுள்ளே நிலையாகப் பதிந்திருந்தது. செய்நிரலாளன் எண்களை மாத்திரமே மாற்றலாம். 2001ஆம் ஆண்டளவில் அம்முறையையே செய்நிரலாளன் எழுதித் தரத்தக்க சில்லுகள் சந்தைக்கு வந்தன. ஷேடர் எனப்படும் இச்சிறு செய்நிரல்களை டைரெக்ட் 3டி முன்னரே ஏற்றுக்கொண்டது. ஓப்பன் ஜீ.எல். பக்கத்திலோ கம்பனிக்கொரு நீட்சியாய்ப் பெருகி, பொது மொழி சிதறிக் கிளைமொழிகளாய் நின்ற நிலை. 2004இல் 2.0 ஆம் பதிப்பு, சி மொழியை ஒத்த பொதுவான ஷேடர் மொழியொன்றைத் தந்து அச்சிதறலை ஒருவாறு தடுத்தது. நீட்சி என்னும் ஏற்பாட்டின் நன்மையை மேலே புகழ்ந்த யாம், அதன் தீமையையும் ஈண்டுக் கூறாது விடுதல் நேர்மையன்று.

சிலிக்கன் கிராபிக்ஸின் கணக்கிற் பிற்பாதி என்னாயிற்று எனின், மலிவான வீட்டுச் சில்லுகள் அதன் பெரும்பொறிகளை விழுங்கின. 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கம்பனி வங்குரோத்துக்கு மனுச் செய்தது. 2009இல் மீண்டும் வீழ்ந்து விற்கப்பட்டது. அது திறந்துவிட்ட இடைமுகம் அதனோடு அழியவில்லை. 2000ஆம் ஆண்டு தோன்றிய குரோனோஸ் குழு என்னும் கூட்டமைப்பினிடம் 2006இல் விதிநூலின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அக்குழு 2003இல் வெளியிட்ட சிற்றுருவாகிய ஓப்பன் ஜீ.எல். இ.எஸ். கைத்தொலைபேசிகளிற் குடிபுகுந்தது. 2011இல் வெப் ஜீ.எல். என்னும் பெயரோடு இணைய உலாவியினுள்ளும் நுழைந்தது.

2008இல் வந்த 3.0 ஆம் பதிப்பைப் பற்றி ஒரு சொல். பழைய சுமைகளையெல்லாம் நீக்கி முற்றும் புதிதாய் எழுதப்படும் என்று செய்நிரலாளர் எதிர்பார்த்திருந்தனர். வெளியானதோ பழையதன் நீட்சியே. நீக்கத்தக்கவை இவை என ஒரு பட்டியல் மட்டும் உடன் வந்தது. ஏமாற்றமும் சினமும் பெரிது. ஆயினும் பொறியியற் கம்பனிகளும் ஆய்வுகூடங்களும் பத்துப் பதினைந்தாண்டு எழுதிக் குவித்த செய்நிரல்களை ஒரு நாளில் முடமாக்க அவையால் இயலவில்லை என்பதையும் நாம் கருதல் வேண்டும்.

புதிதாய் எழுதும் வேலை எட்டாண்டு கழித்து வேறு பெயரில் நிறைவேறிற்று. ஓப்பன் ஜீ.எல். இன் அடிப்படை ஒரு பெரிய 'நிலைப்பொறி'. இப்போதைய நிறம், இப்போதைய படம், இப்போதைய ஷேடர் என யாவும் ஓரிடத்திலே வைத்திருக்கும். செய்நிரலின் பல இழைகள் ஒருங்கே அதனை இயக்குதல் அரிது. வரையும் ஒவ்வொரு வேளையும் எல்லாம் பொருந்துகின்றனவா என இயக்கி சோதித்துக்கொண்டே இருக்கும். பல கருக்கள் கொண்ட செயலிகள் பெருகிய காலத்தில் இது பெருந்தடையாயிற்று. ஏ.எம்.டி. கம்பனி 2013இல் மான்டில் என்னும் இடைமுகத்தையும், அப்பிள் 2014இல் மெற்றல் என்பதையும் வெளியிட்டன. ஏ.எம்.டி. தன் மான்டிலைக் குரோனோஸ் குழுவுக்கு வழங்க, அதனை அடியாகக் கொண்டு 2016ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆந் திகதி வல்கன் 1.0 வெளிவந்தது. கம்பனியொன்று தன் இடைமுகத்தைப் பொதுமைக்கு ஈந்ததனால் நியமம் பிறந்தது இஃது இரண்டாம் முறை.

வல்கனில் நினைவகத்தை ஒதுக்குதலும், வேலைகளின் ஒழுங்கைக் காத்தலும் செய்நிரலாளன் பொறுப்பு. ஒரு முக்கோணம் வரைய ஏறத்தாழ ஆயிரம் வரி எழுதல் வேண்டும். 1996இல் டைரெக்ட் 3டி யிற் கண்டு நகைத்த அதே சுமை இன்று திறந்த நியமத்தின் தோளில் ஏறியிருத்தல் விந்தையே! அன்று அச்சுமைக்கு ஈடாகப் பெற்றது சிறிது. இன்று பெறுவதோ பல இழைகளையும் ஒருங்கே இயக்கும் ஆற்றல். பெரு நிறுவனங்களுக்கு இது தகும். தனித்திருந்து கற்கும் மாணவனுக்கு முதற்பாடமாக வல்கனை வைத்தல் எமக்கு உடன்பாடன்று. பழைய ஐந்து வரியில் முக்கோணம் கண்டவன் அடையும் உவகை அவனை மேலும் கற்கத் தூண்டும்.

ஓப்பன் ஜீ.எல். இன் இறுதிப் பதிப்பாகிய 4.6, 2017ஆம் ஆண்டு யூலையில் வந்தது. அதன் பின் புதுப்பதிப்பு இல்லை. 2018இல் அப்பிள், தன் தொகுதிகளில் அது கைவிடத்தக்கது என அறிவித்தது. அங்கே அது 4.1 ஆம் பதிப்போடு முன்னரே நின்றிருந்தது. வல்கனோ 2024ஆம் ஆண்டு திசெம்பரில் 1.4 ஆம் பதிப்பை எட்டியது. எனின் பழையது இறந்ததோ? மருத்துவமனையில் நோயாளியின் உடலை ஊடுருவி எடுத்த படங்களை முப்பரிமாணமாகக் காட்டும் மென்பொருள்கள் பலவற்றிற்கு அடிப்படையாகிய வீ.ரி.கே. நூலகம் ஓப்பன் ஜீ.எல். கொண்டே வளர்ந்தது. புரத மூலக்கூறுகளின் வடிவை ஆராயும் வீ.எம்.டி., பைமோல் முதலியனவும் அவ்வாறே. சிலிக்கன் கிராபிக்ஸ் பொறியொன்றில் ஐரிஸ் ஜீ.எல். கொண்டு தொடங்கிய பிளெண்டர் என்னும் சித்திர ஆக்க மென்பொருள், பின்பு ஓப்பன் ஜீ.எல். க்கு மாறி, 2002இல் அன்பர்கள் திரட்டிய ஓர் இலட்சம் யூரோவினால் கடனினின்று மீட்கப்பட்டு, மூலநிரலோடு பொதுவுடைமையாயிற்று.

இச்செய்நிரல்களைக் கைவிட முடியாமையால் புதியதோர் ஏற்பாடு எழுந்துள்ளது. மேசாவினுள் 2018 முதல் வளர்ந்துவரும் சிங்க் என்னும் பகுதி, ஓப்பன் ஜீ.எல். கட்டளைகளைப் பெற்று அவற்றை வல்கன் கட்டளைகளாக மொழிபெயர்த்துச் சில்லுக்குக் கொடுக்கின்றது. சில்லு செய்வோர் வல்கனுக்கு மாத்திரம் இயக்கி எழுதினாற் போதும். பழைய நியமம் அதன் மேல் இயங்கும். 1992இன் விதிநூலைப் பார்த்து எழுதிய செய்நிரல் ஒன்றை, அன்று எவரும் கருதியிராத சில்லின் மேல், இன்றும் தொகுத்து ஓட்டிப் பார்க்கலாம். விரும்பும் மாணவர் குளுட்டின் வழிவந்த பிரீகுளுட் நூலகத்தை எடுத்து, நியூவெல்லின் கேத்தலிலிருந்து தொடங்குவாராக.